எடை குறைந்த பாஸ் கேபினட், ஆம்ப்: ஐந்து ஸ்ட்ரிங்குக்கு எது தோது?

மார்த்தாண்டம்_பாஸ்

அண்ணன்மாரே, பாஸ் ஆம்ப் மாத்தப் போறேன், ஒரு வழி சொல்லுங்க.

வாசிக்கிறது ஐந்து ஸ்ட்ரிங், ஆக்டிவ் பிக்கப். ஞாயிறு சர்ச் குவயர், இடையில கன்வென்ஷன் மேடை, சித்திரையில கொடை விழாக் கச்சேரி. இப்ப கையில இருக்கிறது 15 இஞ்ச் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில), எடை 34 கிலோ. கார் கிடையாது. பஸ், ஆட்டோ, இல்லேன்னா கூட்டுக்காரன் ஸ்கூட்டர். ஒற்றை ஆளா ஒரே நடையில எல்லாத்தையும் மேடைக்குக் கொண்டு போகணும், அதுதான் முதல் நிபந்தனை.

நியோடிமியம் மேக்னட் ஸ்பீக்கர் போட்டா பாஸ் மெலிஞ்சு போகும்னு ஒருத்தர் சொல்றார், அது சரியா? 12 இஞ்ச் ஒண்ணு நல்லதா, 10 இஞ்ச் ரெண்டு நல்லதா? ரெண்டு கிலோ ஹெட்டுல (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) 500 வாட்னு எழுதியிருக்கே, அது நிஜ வாட்டா? லோ பி ஸ்ட்ரிங் (அஞ்சாவது, அடி ஸ்ட்ரிங்) சுத்தமா கேக்கணும். கடலோர ஊர்கள்லயும் வாசிக்கணும், அதனால துருப் பிடிக்கிற விஷயமும் சொல்லுங்க.

கோட்டாறு_லோபி

தம்பி, முதலில் அந்த 34 கிலோ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்பீக்கரின் மேக்னட், பெட்டியின் பலகை, ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர். மூன்றிலும் எடையைக் குறைக்கலாம், ஆனால் மூன்றும் ஒரே மாதிரி இல்லை. மேக்னட்டிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் குறைத்தால் ஒலிக்கு நஷ்டம் கிடையாது. பெட்டியில் குறைக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

ஃபெரைட் (வழக்கமான கனத்த வகை) மேக்னட் உள்ள 12 இஞ்ச் பாஸ் ஸ்பீக்கர் பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ வரும். நியோடிமியத்தில் அதே வேலை 3 முதல் 4 கிலோவில் முடியும். ஒரே அளவுத் துண்டில் நியோடிமியம் ஏறக்குறைய பத்து மடங்கு காந்த ஆற்றலைத் தேக்கி வைக்கும் என்பதால் துண்டு சிறிதாக இருந்தால் போதும். காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) ஓடும் இடுக்கில் காந்தப்புலம் எவ்வளவு என்பதுதான் கணக்கு, அதைத் தரும் மேக்னட் எத்தனை கிலோ என்பது இல்லை. அதனால் நியோ என்றாலே பாஸ் மெலியும் என்பது சரியில்லை. மெலிந்து கேட்டால் பெட்டியை அளவுக்கு மீறிச் சுருக்கியிருப்பார்கள். நியோவுக்கு உண்மையான பலவீனம் சூடு. சாதாரண கிரேடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்த பலம் குறையத் தொடங்கும். சூடு தாங்கும் கிரேடுகள் உண்டு, நல்ல கம்பெனிகள் அதைத்தான் போடுகின்றன, மேக்னட்டைச் சுற்றிக் காற்று போக வழியும் வைக்கின்றன. கேபினட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) வாட்டுக்கு மேலே ஓயாமல் அழுத்தினால் ஃபெரைட் எரிவதற்கு முன்னால் நியோ தளர்ந்துவிடும்.

பெட்டி விஷயத்தில் ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த பவரில் நிறைய சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் ஒரே பெட்டியில் வாங்க முடியும். 30 லிட்டர் பெட்டியில் லோ பி, அதுவும் சத்தமாக, என்று யாராவது விற்றால் மூன்றாவதை உங்கள் ஆம்பிடமிருந்து வசூலிக்கிறார்கள் என்று அர்த்தம்.

12 ஒன்றா, 10 இரண்டா என்பதற்குக் கோன் பரப்பை மட்டும் பார்த்தால் போதாது. 10 இஞ்ச் கோன் சுமார் 340 சதுர செ.மீ., 12 இஞ்ச் சுமார் 525, 15 இஞ்ச் சுமார் 860. கோன் எவ்வளவு தூரம் சிதையாமல் முன்னும் பின்னும் போகும் என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். டேட்டா ஷீட்டில் எக்ஸ்மேக்ஸ் என்று போட்டிருப்பார்கள். எக்ஸ்மேக்ஸ் 3 மி.மீ. உள்ள சாதாரண 15 இஞ்ச் தள்ளும் காற்று சுமார் 258 கன செ.மீ. 6 மி.மீ. போகும் நல்ல 12 இஞ்ச் ஒன்று 315 தள்ளும். உங்கள் 15 இஞ்ச் காம்போவை நல்ல 12 இஞ்ச் ஒன்று தோற்கடிப்பது இப்படித்தான். எக்ஸ்மேக்ஸ் 5 மி.மீ.க்குக் கீழே இருந்தால் ஐந்து ஸ்ட்ரிங்குக்கு வாங்காதீர்கள்.

லோ பி பற்றி ஒரு தெளிவு. திறந்த பி ஸ்ட்ரிங் 31 ஹெர்ட்ஸ், இ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ். பி வாசிக்கும்போது காதில் விழுவதில் பெரும்பங்கு அதன் இரண்டாம் ஹார்மானிக் (கூடவே எழும் இரு மடங்கு அதிர்வு), 62 ஹெர்ட்ஸ். அந்த 62 சுத்தமாக வந்தால் பி நிறைந்து கேட்கும். 31-ஐ அப்படியே எழுப்பப் போனால் கோன் தாறுமாறாக ஓடும், ஏனென்றால் அதே சத்தத்துக்கு ஒரு ஆக்டேவ் கீழே போனால் நாலு மடங்கு ஓட்டம் வேண்டும். போர்ட் (காற்று போய்வரும் குழாய் ஓட்டை) உள்ள பெட்டியில் டியூனிங்குக்கு, அதாவது அந்தக் குழாய் ஒத்து அதிரும் ஹெர்ட்ஸுக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று மெத்தையும் இல்லை. அதற்குத்தான் ஹைபாஸ் ஃபில்டர், வைத்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடும். 35 ஹெர்ட்ஸில் வையுங்கள். பி-யின் குணம் போகாது, ஆம்பின் பவர் வீணாகாது, கோனும் பிழைக்கும். ஹெட்டில் ஹைபாஸ் இல்லையென்றால் தனி பெடலாக வாங்கலாம். ஐந்து ஸ்ட்ரிங்காரருக்கு இதை நான் கேபினட்டுக்கு அடுத்த இடத்தில் வைப்பேன்.

வாட் நிஜமா என்றால், நல்ல கம்பெனியில் நிஜம்தான், ஆனால் தொடர்ச்சியாக இல்லை. இந்த எடை குறைந்த ஹெட்களில் இருக்கும் கிளாஸ் டி சர்க்யூட் மின்சாரத்தில் 90 சதவீதம் அளவுக்கு ஸ்பீக்கருக்கே அனுப்பும், சூடாக வீணாவது கொஞ்சம். பவர் சப்ளை 50 ஹெர்ட்ஸில் இல்லாமல் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் ஓடுவதால் பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். எடை போனது அங்கேதான். இசையில் சராசரி பவர் உச்சத்தின் எட்டில் ஒரு பங்கு அளவுதான் என்பதால் இது தாங்கும். ஆனால் பாஸ் நாபை 12 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் 16 மடங்கு பவர் கேட்கிறீர்கள். எந்த 500 வாட்டும் அங்கே முடிந்துவிடும்.

என் யோசனை: 8 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) 12 இஞ்ச் நியோ கேபினட் ஒன்று, கிளாஸ் டி ஹெட் ஒன்று. பணம் சேர்ந்த பொறவு அதே கேபினட் இன்னொன்று. உதாரணத்துக்கு அகிலார் எஸ்எல் 112 சுமார் 11.3 கிலோ. மார்க்பாஸ் லிட்டில் மார்க் 3 ஹெட் 3 கிலோவுக்குள், 8 ஓமில் 300 வாட், 4 ஓமில் 500 வாட். ஒரு கேபினட்டிலிருந்து இரண்டுக்குப் போகும்போது பவரால் 2 டெசிபலும், கோன் பரப்பு இரட்டிப்பதால் 3 டெசிபலும், ஆக 5 டெசிபல் கூடும். அது நன்றாகக் கேட்கும் வித்தியாசம். குவயருக்கு ஒன்று, வெளி மேடைக்கு இரண்டு. இரண்டை வைக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். மேல் ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்தில் வரும், நடு ஒலி இடமும் வலமும் ஒரே சீராகப் பரவும். ஹெட், கேபினட் இரண்டும் தனித்தனியாக வேண்டாம், பட்ஜெட்டும் குறைவு என்றால் ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போ, 10 இஞ்ச் இரண்டு, 16.5 கிலோ. உங்கள் பழையதில் பாதி.

1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடியின் 10 இஞ்ச் எட்டு உள்ள கேபினட் பெருங்கனம். அன்றைக்குப் பாஸ் ஒலி மேடையிலிருந்தே கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. இன்று மைக்செட் அந்த வேலையைச் செய்கிறது, நாம் சுமக்க வேண்டிய காரணம் போய்விட்டது.

குழித்துறை_தச்சு

மேலே அண்ணன் சொன்னது கொள்ளாம். பெட்டியை இங்கேயே அடிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நியோ ஸ்பீக்கரை மட்டும் வரவழைத்தால் போதும்.

பெட்டியின் உள்ளளவு 46 × 37.5 × 36 செ.மீ. என்று வையுங்கள், 62 லிட்டர். ஸ்பீக்கர், பைப், பிரேஸ் (உள்ளே முட்டுக்கொடுக்கும் கட்டை) அடைக்கும் 7 லிட்டர் போக 55 நிற்கும். 12 மி.மீ. ப்ளைவுட்டில் இதற்குச் சுமார் 1.06 சதுர மீட்டர் போகும், 8 × 4 அடி ஷீட் ஒன்றில் பிரேஸோடு இரண்டு பெட்டி வந்துவிடும். பலகை எடைக் கணக்கு இப்படி: பாப்லர் ப்ளை என்றால் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. நம் பக்கம் எளிதாகக் கிடைக்கும் பெரும்பாவூர் ரப்பர் மர ப்ளை என்றால் எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 18 மி.மீ. எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) என்றால் 14 கிலோ. ஸ்பீக்கர் மூன்றரை, பிரேஸ், கிரில், கைப்பிடி, ஜாக் பிளேட் எல்லாம் இரண்டு என்று கூட்டினால் பாப்லரில் 11 முதல் 12, ரப்பர் மரத்தில் 14. எம்டிஎஃப் பெட்டியும் ஃபெரைட் ஸ்பீக்கரும் சேர்ந்தால் 24 தாண்டும்.

மெல்லிய பலகைக்கு உயிர் பிரேஸ்தான். 12 மி.மீ. பலகையைச் சும்மா விட்டால் அதுவே ஒரு கோன் மாதிரி அதிர்ந்து, நோட்டை மங்கலாக்கும். நடுவில் ஜன்னல் வெட்டிய ஒரு பலகையை நாலு பக்கமும் தொடும்படி ஒட்டுங்கள், முன் பலகைக்கும் பின் பலகைக்கும் நடுவே ஒரு கட்டை கொடுங்கள். ஒட்டும் இடம் பலகையின் சரி நடுவாக இருக்க வேண்டாம், கொஞ்சம் விலகி இருந்தால் இரு பக்கமும் ஒரே சுருதியில் அதிராது. பசை காய்ந்த பிறகு விரல் முட்டியால் தட்டுங்கள். "டொக்" என்று வறண்டு கேட்டால் சரி, "டும்" என்று நீண்டால் அங்கே இன்னொரு கட்டை வேண்டும். முன் பலகையை மட்டும் 15 அல்லது 18 மி.மீ. போடுங்கள்.

போர்ட்டுக்கு 75 மி.மீ. பிவிசி டிரெய்னேஜ் பைப் மூன்று, ஒவ்வொன்றும் 23 செ.மீ., டியூனிங் 48 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். முதலில் 25-ஆக வெட்டிப் பொருத்திக் கேளுங்கள், பிறகு குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு செ.மீ. குறைத்தால் ஏறக்குறைய ஒரு ஹெர்ட்ஸ் ஏறும். ஒரே ஒரு 110 மி.மீ. பைப் 12 செ.மீ. போட்டாலும் டியூனிங் அதே 48 பக்கம் வரும், ஆனால் வழி குறுகலாக இருப்பதால் சத்தம் ஏறும்போது காற்று "புஸ்ஸ்" என்று இரையும். பைப் முனைக்கும் பின் பலகைக்கும் நடுவே ஒரு பைப் விட்டம் அளவாவது இடைவெளி வேண்டும். இந்த அளவெல்லாம் 50 முதல் 60 லிட்டர் கேட்கும் ஸ்பீக்கருக்கு மட்டும். டேட்டா ஷீட் வேறு சொன்னால், பெட்டி அளவைக் கணக்கிடும் வின்ஐஎஸ்டி சாஃப்ட்வேர் இலவசம், டேட்டா ஷீட்டில் உள்ள எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்ற மூன்று எண்களையும் கொடுத்துப் பார்த்த பிறகு மரத்தில் கை வையுங்கள்.

ஸ்பீக்கரை மர ஸ்க்ரூவில் மாட்டாதீர்கள். பாப்லர் மிருதுவான மரம், இரண்டு தடவை கழற்றி மாட்டினால் பிடி விட்டுப்போகும். டீ நட் (பலகைக்குப் பின்னால் பதியும் நட்), போல்ட் போடுங்கள். ஸ்பீக்கர் விளிம்புக்குக் கீழே ஃபோம் டேப் ஒட்டினால் காற்று கசியாது. கசிவு பார்க்க 60 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஊதுபத்தியை மூட்டுகளைச் சுற்றிக் காட்டுங்கள். புகை துடித்தால் அங்கே ஓட்டை.

மழையும் உப்புக்காற்றும் இருக்கிற ஊர் என்பதால் எம்ஆர் கிரேடு (ஈரம் ஓரளவே தாங்குவது) வேண்டாம், பிடபிள்யூஆர் கிரேடு (கொதிநீர் தாங்குவது) ப்ளை வாங்குங்கள். ரப்பர் மரத்தில் வண்டு துளைக்கும், மருந்து ஏற்றிய பலகையா என்று கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரங்களில் சீலர் இரண்டு கோட். மேலே கார்ப்பெட் ஒட்டாதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைக்கும். பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட்தான் நல்லது.

தக்கலை_மைக்செட்

தம்பி சொன்ன ஒரே நடை நிபந்தனைக்கு இன்னொரு வழி இருக்கு. கேபினட்டே வாங்காம, டிஐ (மைக்செட்டுக்கு நேரா சிக்னல் அனுப்புற அவுட்) உள்ள பிரீஆம்ப் பெடல் ஒண்ணு, 12 இஞ்ச் பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருக்கிறது) ஒண்ணு. யமஹா டிபிஆர் 12, 15.8 கிலோ. குவயர் ரிகர்சல்ல அதுவே ஆம்ப், வெளி மேடையில அதையே மானிட்டரா சாய்ச்சு வச்சுக்கலாம், கீபோர்டுக்கும் உதவும். உள்ள லிமிட்டர் இருக்கு, கோன் கிழியாது. குறை என்னன்னா அது 52 ஹெர்ட்ஸ்லயே 10 டெசிபல் இறங்கிரும். லோ பி-க்கு அடிவயிறு இருக்காது. உங்களுக்கு அதுதான் முக்கியம்னா கோட்டாறு அண்ணன் சொன்னதையே செய்யுங்க.

எந்தக் கேபினட் வாங்கினாலும் வெளி மேடையில கூட்டத்துக்குப் போற பாஸ் நம்ம மைக்செட் சப்ல (அடி ஒலிக்கான ஸ்பீக்கர்) இருந்துதான் போகும். அதனால ஹெட்டுல டிஐ அவுட் எக்ஸ்எல்ஆர்ல (மூணு பின் மைக் சாக்கெட்) இருக்கணும், ப்ரீ போஸ்ட் ஸ்விட்ச் (நாபுக்கு முந்தின சிக்னலா, பிந்தினதா) இருக்கணும், கிரவுண்ட் லிஃப்ட் (டிஐ கேபிளோட எர்த் தொடர்பை மட்டும் பிரிக்கிறது) இருக்கணும். ஸ்விட்ச்ச ப்ரீல வைங்க. போஸ்ட்ல வச்சா மேடையில நீங்க பாஸ் நாபைத் திருப்புற ஒவ்வொரு தடவையும் வெளியில சப் குலுங்கும். கான்கிரீட் சர்ச்ல 100 முதல் 160 ஹெர்ட்ஸ் பக்கம் குமுறும், அங்க 3, 4 டெசிபல் இறக்குங்க. பலகை மேடையில கேபினட்டுக்குக் கீழ தடிச்ச ஃபோம் ஒண்ணு போட்டா மேடை கூடச் சேந்து முழங்காது.

இப்ப கரண்ட். கிளாஸ் டி ஹெட்ட நம்ம ஊர்ல கெடுக்கிறது பெரும்பாலும் கரண்ட்தான். விழா மேடைக்கு மூணு பேஸ் இழுத்து, சீரியல் லைட்டு, மைக்செட்டு எல்லாம் பிரிச்சுக் குடுப்பாங்க. நியூட்ரல் எங்கயாவது லூசானா, லோடு குறைஞ்ச பேஸ்ல 230 இருக்க வேண்டிய இடத்துல 350, 400 கூட ஏறும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்னா ஃபியூஸ் போகும், உள்ளூர் மெக்கானிக் சரி பண்ணிருவார். கிளாஸ் டி ஹெட்டுல போர்டே போகும், பொடிப்பொடி பார்ட்ஸ், சரி பண்ண ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

அதனால மல்டிமீட்டர் ஒண்ணு பையில கிடக்கணும். பிளக் மாட்டுறதுக்கு முன்னால பேஸ் நியூட்ரல் 230 பக்கம், பேஸ் எர்த்து அதே அளவு, நியூட்ரல் எர்த்து 3 வோல்ட்டுக்குள்ள இருக்கான்னு பாருங்க. பேஸ் எர்த்து ஒண்ணுமே காட்டலேன்னா அந்த போர்டுல மாட்டாதீங்க, எங்க போர்டுல இருந்து லைன் கேளுங்க. பாஸ் ஸ்ட்ரிங்க ஒரு கையில பிடிச்சுக்கிட்டு மைக்குல வாய் வைக்கிற ஆளுக்கு இது உயிர் விஷயம். வோல்டேஜ் கூடினாலும் குறைஞ்சாலும் தானே கட் பண்ற புரொடெக்டர் ஒண்ணு போடுங்க. ஹம் வருதுன்னு எர்த் பின்னைப் பிடுங்கவே கூடாது, டிஐ-ல கிரவுண்ட் லிஃப்ட் அமுக்குங்க. வெளிநாட்டுல இருந்து ஆள் மூலமா வாங்கினா பின்னால 100–240 வோல்ட்னு இருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க. 120 மட்டும் இருந்தா இங்க ஒரு நொடியில போயிரும்.

கொளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்துல வாசிச்சா, வீட்டுக்கு வந்ததும் ஹெட்டப் பையில இருந்து வெளிய எடுத்து வைங்க. ஜாக், ஸ்பீக்கான் (திருகிப் பூட்டுற ஸ்பீக்கர் சாக்கெட்), நாப்ல மாசம் ஒருதரம் கான்டாக்ட் கிளீனர்.

மார்த்தாண்டம்_பாஸ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 12 இஞ்ச் நியோவும் கிளாஸ் டி ஹெட்டும்னு முடிவு பண்ணிட்டேன். திருவனந்தபுரத்துல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல 12 இஞ்ச் நியோ கேபினட் ரெண்டு இருக்கு, ரெண்டும் 4 ஓம். ஜோடியா வாங்கிரலாமா? பழசு வாங்கும்போது என்ன பாக்கணும்?

கோட்டாறு_லோபி

ஜோடியாக வேண்டாம். 4 ஓம் இரண்டை ஒன்றாக மாட்டினால் 2 ஓம். பெரும்பாலான கிளாஸ் டி ஹெட்டுக்கு 4 ஓம்தான் கீழ் எல்லை. அதற்குக் கீழே போனால் சத்தமாக வாசிக்கும் நேரத்தில் புரொடெக்ஷனில் விழுந்து அணையும், அல்லது அவுட்புட் பகுதி போகும். 2 ஓம் தாங்கும் ஹெட் உண்டு, விலை அதிகம். ஒரே கேபினட்டோடு காலம் தள்ளுவதென்றால் 4 ஓம் ஒன்று வாங்குங்கள், ஹெட்டின் முழுப் பவரும் கிடைக்கும். பின்னால் இன்னொன்று சேர்க்கும் எண்ணம் இருந்தால் 8 ஓம்தான்.

பார்க்கப் போகும்போது மல்டிமீட்டரும் உங்கள் பாஸும் கொண்டு போங்கள். கேபினட் ஜாக்கில் ஓம் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 6.8 வரை காட்டும், 4 ஓம் 3 முதல் 3.5 வரை. ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் போயிருக்கும் அல்லது ஒயர் விட்டிருக்கும். கிரில்லைக் கழற்றச் சொல்லுங்கள். கோனின் இரு பக்கமும் நாலு விரலைப் பரப்பி வைத்து, சாயாமல் நேராக மெல்ல அமுக்கி விடுங்கள். "சர சர" என்று உரசினால் காயில் உருமாறியிருக்கிறது, வேண்டாம். கோனைச் சுற்றியுள்ள விளிம்பில் துணி மடிப்பு இருக்கிறதா, ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் நம் ஊர் ஈரத்தில் பொடிந்துபோகும். பிறகு இ ஸ்ட்ரிங்கில் முதல் ஃபிரெட்டிலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறி, ஒவ்வொரு நோட்டையும் நிறுத்தி வாசியுங்கள். ஒரே ஒரு நோட்டில் மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் கிரில்லோ கைப்பிடியோ லூஸ். எல்லா நோட்டிலும் கரகரத்தால் ஸ்பீக்கர்.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஹெட்டுக்கும் கேபினட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிளைப் போடாதீர்கள், உள்ளே இருப்பது முடி மாதிரிக் கம்பி, சூடாகி உருகும். 2.5 சதுர மி.மீ. இரட்டை ஒயர் ஒன்றரை மீட்டர், இரு முனையிலும் ஸ்பீக்கான், 1 பிளஸ், 1 மைனஸில் திருகினால் போதும். ஹெட் எடை குறைவு என்பதால் அதிர்வில் நகர்ந்து, கேபிளும் இழுத்து, கேபினட் மேலேயிருந்து விழும். கீழே ரப்பர் மேட் ஒரு துண்டு போடுங்கள். கொண்டு போகும்போது ஹெட்டை பாஸ் பையின் முன் பாக்கெட்டில் வைக்க வேண்டாம், பிரிட்ஜையும் நாபையும் அழுத்தும். தோளில் மாட்டும் தனிப் பை போடுங்கள்.

இரண்டாவது கேபினட் வந்த அன்று, குறிப்பாக அது தச்சுப்பட்டறையில் அடித்ததாக இருந்தால், பேஸ் (இரண்டு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் திசை) பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் ஒயரின் பிளஸில் 1.5 வோல்ட் செல்லின் பிளஸையும், மைனஸில் மைனஸையும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு கேபினட்டிலும் கோன் ஒரே பக்கமாக அசைய வேண்டும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது அடி பாஸ் காணாமல் போகும். அப்படி இருந்தால் ஒன்றின் உள்ளே ஸ்பீக்கர் டெர்மினலில் இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டு, மறுபடி செல் வைத்துப் பாருங்கள்.